அக்னி மூலைப் பட்டை

அந்த ஸ்டூலை இப்படி இழுத்துப் போட்டு உக்காருங்க தம்பி. உங்க அப்பா நல்லாத் தூங்குறார். ஆபரேஷன் முடிஞ்சவங்க இப்படித்தான் தூங்குவாங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க. எனக்கு நாளைக்குக் காலைல. அவருக்குப் பண்ண அதே பைபாஸ்தான். சம்பூர்ணம், அதான் என் வீட்டுக்காரி, கீழ மருந்துக்கடை வரிசைல நிக்கிறா. அவ வர்றதுக்குள்ள நாம கொஞ்சம் பேசலாம். அவ இருந்தா வாக்கியத்துக்கு வாக்கியம் திருத்துவா.

பயமா இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க. காலைலேருந்து வர்றவங்க போறவங்க எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. என் பேரு வைரக்கண்ணு. மின்வாரியத்துல வயர்மேனாச் சேந்து ஃபோர்மேனா ரிட்டையர் ஆனவன். புயல் அடிச்ச மறுநாள் ஊரே கதவைச் சாத்திக்கிட்டு இருக்கறப்ப ஈரக் கம்பத்துல ஏறினவன். எனக்கா பயம்? நான் ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன், அவ்வளவுதான். தள்ளிப் போடறதுக்கும் பயப்படறதுக்கும் வித்தியாசம் இருக்கு. அந்த வித்தியாசம் டாக்டருக்கும் புரியல, சம்பூர்ணத்துக்கும் புரியல.

பங்குனில ஆரம்பிச்சது. நடக்கறப்ப நெஞ்சுல ஒரு பிடிப்பு. நின்னா விட்டுரும், நடந்தா பிடிக்கும். வாயுன்னு விட்டுட்டேன். சம்பூர்ணம் விடல, இங்க இழுத்துட்டு வந்துட்டா. டாக்டர் கம்ப்யூட்டர்ல என் நெஞ்சைப் போட்டுக் காட்டினார். மூணு குழாய்லயும் அடைப்பாம். கால்லேருந்து ஒரு நரம்பை எடுத்து, அடைப்புக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வச்சுத் தைச்சு, ரத்தத்தைச் சுத்தி விட்டுருவாங்களாம். நெஞ்சைத் திறந்தா பண்ணுவீங்கன்னு கேட்டேன். ஆமாங்கறார், என்னமோ ஜன்னலைத் திறக்கற மாதிரி. வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன்னேன். வீட்டுக்காரி பக்கத்து நாற்காலிலதான் உக்காந்திருந்தா.

அந்தச் சமயத்துலதான் மருதம்பட்டை வந்து சேந்தது. வந்து சேந்ததுன்னா, போன்ல. யாரோ ஒருத்தர் காட்டுக்குள்ள நின்னுக்கிட்டு, கையில பட்டையை வச்சுக்கிட்டுப் பேசறார். நெஞ்சுக்கு மருதம்பட்டைக்கு மிஞ்சினது கிடையாது, நம்ம முன்னோர் எல்லாம் இதைத்தான் குடிச்சாங்கன்னு. எனக்குப் பாதி வலி அப்பவே போயிருச்சு. அடுத்த தடவை டாக்டர்கிட்ட நேராக் கேட்டேன். அவர் நல்ல மனுஷன், சிரிக்கல. அதுல டானின் இருக்கு, ஃபிளேவனாய்டு இருக்கு, இதயத்துக்கு நல்லது பண்ணலாம்னு ஆராய்ச்சி நடக்குது, நான் இல்லேங்கலன்னார். அதுக்கப்புறமும் என்னமோ சொன்னார். சம்பூர்ணம் சொல்றா, "அடைச்ச குழாயை அது திறக்காது, மாத்திரையை நிறுத்தாதீங்க, ரொம்பத் தள்ளாதீங்க"ன்னு சொன்னாராம். சொல்லியிருக்கலாம். என் காதுல விழுந்தது 'நான் இல்லேங்கல'தான். படிச்ச டாக்டரே இல்லேங்கல, நான் யாரு இல்லேங்கறதுக்கு?

எங்க நகர் இங்கதான், திருச்சியில உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரம். பூங்காவுல ஒரு மருத மரம் நிக்குது. மனை போட்ட காலத்துல நட்டது. நான் கட்டிப் பிடிச்சா விரலும் விரலும் தொடற பருமன். தினமும் அதைச் சுத்தித்தான் நடக்கறேன். மருந்து கண்ணு முன்னால நிக்குது, நான் போய் நெஞ்சைத் திறந்துக்கணுமா? நீங்களே சொல்லுங்க.

மூலிகை எடுக்கறதுக்கு ஒரு முறை இருக்கு தம்பி. கீரை பறிக்கற மாதிரி போய்ப் பறிச்சுக்கிட்டு வரக் கூடாது. முதல் நாளே மரத்துக்கு மஞ்சக் கயித்துல காப்புக் கட்டணும். உன் மேல சாபம் ஏதும் இருந்தா நீங்கட்டும், என் நோய்க்கு நீ உதவணும்னு வேண்டிக்கணும். மறுநாள் விடியறப்ப போய் எடுக்கணும். நான் எல்லாம் முறைப்படிதான் செஞ்சேன். எடுத்தது கிழக்குப் பக்கத்துப் பட்டை. சூரியன் முதல்ல படற இடம், அதுலதான் சத்து இறங்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரல. தோணிச்சு. சில பேருக்கு அப்படித் தோணும்.

எதிர் வீட்டு ஹெட்மாஸ்டர் கலியபெருமாள் பாத்துட்டார். ரிட்டையர் ஆகி வருஷக்கணக்காச்சு, இன்னும் பூங்காவுக்கு வர்றப்ப பிரேயருக்கு வர்ற மாதிரிதான் வருவார். அவருக்குச் சர்க்கரை. நின்னு ஒரு பாடமே எடுத்துட்டார். ஐரோப்பாவுல வில்லோன்னு ஒரு மரம் இருக்காம். அந்தக் காலத்துல காய்ச்சல் வலிக்கெல்லாம் அதோட பட்டையைக் காய்ச்சிக் குடிச்சாங்களாம். அந்தப் பட்டையில இருந்த சத்து என்னன்னு நோண்டிக்கிட்டே போய்த்தான் கடைசியில ஆஸ்பிரின் மாத்திரையே வந்ததாம். "நீ முழுங்கற மாத்திரைக்குத் தாத்தா ஒரு பட்டைதான் வைரக்கண்ணு"ன்னார். ரொம்பச் சந்தோஷமா இருந்தது எனக்கு. அதோட நிறுத்தியிருக்கலாம். கிழக்கு தப்பு, வடக்குதான் சரின்னார். வடக்கே போற வேருக்குத்தான் வீரியமாம், வேருக்குச் சொன்னது பட்டைக்கும் பொருந்துமாம். வேர் வேற, பட்டை வேற சார்னேன். நீ கம்பத்துல ஏறினவன், உனக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்னார். அந்தக் கம்பமே ஒரு காலத்துல மரம்தான் சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

மறுநாள் வடக்குப் பக்கம் ஒரு மஞ்சக் கயிறு.

அப்புறம் கேக்கணுமா? பெண்கள் எல்லாம் மூட்டுவலிக்கு மேற்குன்னாங்க. சாயங்கால வெயில் இதமா இருக்குமாம், மூட்டுக்கு இதம்தானே வேணும்னு ஒரு டீச்சரம்மா விளக்கம். ஆளாளுக்குக் காப்புக் கட்டி, மரத்துல பட்டையை விடக் கயிறுதான் ஜாஸ்தி. வெளியூர்லேருந்து விருந்தாட வந்த ஒரு பொண்ணு, பிள்ளை வரம் கேக்கற மரம்னு நினைச்சு மூணு சுத்துச் சுத்திக் கும்பிட்டுட்டுப் போச்சு. தெற்குப் பக்கத்தை மட்டும் யாரும் தொடல. எமன் திசையாச்சே. எங்க நகர்ல குப்பை வண்டி விஷயத்துல கூட ஒத்துமை கிடையாது. தெற்கு விஷயத்துல எல்லாரும் ஒரே கட்சி.

கஷாயம் எப்படி இருக்கும்னு கேக்கறீங்களா? நாக்கு உள்ள இழுத்துக்கும், துவர்ப்பு. ஆனா உடம்பு நல்லாத்தான் இருந்தது. மாத்திரையா? அதையும் போட்டேன், சம்பூர்ணம் விடுவாளா? வாயைத் திறக்கச் சொல்லி, முழுங்கினேனான்னு நாக்கைத் தூக்கிப் பாப்பா. ஆனா மாத்திரையால நல்லாயிருந்தேன்னு எப்படிச் சொல்றது? நான் நல்லாயிருந்தது கஷாயத்தால. நடக்கறப்பதான் அப்பப்ப பிடிக்கும். அதனால நடக்கறதைக் குறைச்சுக்கிட்டேன். குறைச்சதும் பிடிக்கல. பட்டையோட மகிமையைப் பாத்தீங்களா?

ஆனி மாசம் கிழக்குல பட்டை தீந்துபோச்சு. அரிவாளை வச்சாக் கட்டைதான் வருது. கொஞ்சம் தள்ளி எடுத்தேன். தெற்குன்னு நினைச்சுராதீங்க. தென்கிழக்கு, அக்னி மூலை. வீட்ல அடுப்பு வைக்கற மூலை. கஷாயம் காய்ச்சற பட்டைக்கு அதைவிடப் பொருத்தமான மூலை உண்டா? இந்த ஹெட்மாஸ்டர் என்ன பண்ணார், வடக்கை முடிச்சுட்டு, மேற்குல பெண்கள் இருக்காங்கன்னு தாண்டி வந்து, தென்மேற்குல ஆரம்பிச்சார். கன்னி மூலை, எஜமானன் இருக்க வேண்டிய இடமாம். தலைமை ஆசிரியரா இருந்தவருக்கு அதுதான் மரியாதையாம். சரி, நான் அக்னி மூலையோட நிறுத்திக்கிட்டேன். அவர் கன்னி மூலையோட நிறுத்திக்கிட்டார். நடுவுல இருக்கற தெற்கை நாங்க ரெண்டு பேருமே தொடல. எங்க வேணா சத்தியம் பண்றேன். ஆனா ஒரு நாள் பாத்தா, தெற்குன்னு ஒண்ணு அங்க இல்ல. உருண்டையா இருக்கற மரத்துல ஒரு மூலை எங்க முடியுதுன்னு எப்படித் தம்பி கண்டுபிடிக்கறது?

ஆடியில வாய்க்கால் நிறையத் தண்ணி ஓடுது, ஊரெல்லாம் பச்சை, எங்க மரம் மட்டும் இலையைக் கொட்டுது. பழுத்துப் பழுத்துக் கொட்டுது. நான் ஏதோ வைரஸா இருக்கும்னேன். ஹெட்மாஸ்டர் கிழக்குக் காத்துங்கறார். ஆடியில ஏது கிழக்குக் காத்து? எல்லாம் என்னைக் குத்திக் காட்டறதுக்கு. ஆடிப் பெருக்கு அன்னிக்கு இன்னொண்ணும் நடந்தது. சம்பூர்ணம் மஞ்சக் கயிறும் பழமும் வச்சுக் கும்பிடணும்னு படித்துறைக்குக் கூட்டிட்டுப் போனா. திரும்பி ஏறறப்ப நெஞ்சைப் பிடிச்சுது. படியிலயே உக்காந்துட்டேன். வேர்த்து ஊத்துது. வாயுன்னுதான் சொன்னேன். முந்தானையால என் முகத்தைத் துடைச்சா, ஆட்டோ பிடிச்சா, வீட்டுக்கு வந்து சமைச்சா. அன்னிக்கு முழுக்க ஒரு வார்த்தை பேசல. அவ திட்டினா எனக்கு ஒண்ணும் ஆகாது தம்பி. பேசாம இருந்தாத்தான் தாங்காது.

ஹெட்மாஸ்டரோட மருமக வெண்ணிலா, தோட்டக்கலைத் துறையில வேலை பாக்கற பொண்ணு. கைக்குழந்தையோட மாமனார் வீட்டுக்கு வந்திருந்தது. குழந்தைக்கு வேடிக்கை காட்டப் பூங்காவுக்குத் தூக்கிட்டு வந்து, மரத்தைப் பாத்துட்டு அப்படியே நின்னுருச்சு. யார் மாமா இப்படிப் பண்ணதுன்னு கேட்டுது. நான் ஹெட்மாஸ்டரைக் காட்டினேன். அவர் ஏற்கெனவே என்னைக் காட்டிக்கிட்டிருந்தார்.

அது பொறுமையாத்தான் சொல்லிச்சு. மரத்துக்குச் சாப்பாடு இலையில தயாராகுதாம். அது பட்டையோட உள்பக்கமாத்தான் வேருக்கு இறங்கணுமாம். ஒரு பக்கமா, மேலாக உரிச்சா மரமே ஆத்திக்குமாம். நாங்க கட்டை தெரியச் சுத்தி வந்துட்டோம். மேல சமையல் நடக்குது, கீழ வேர் பட்டினி. எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. லைன் கட். இந்த மாதிரி எத்தனை பாத்திருக்கேன். அப்ப ஜம்பர் போட்டுர வேண்டியதுதானேன்னேன். கம்பத்துல கம்பி அறுந்தா, அறுந்த இடத்தைத் தாண்டி இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒரு துண்டுக் கம்பியால இணைப்புக் குடுப்போம், அதுக்கு ஜம்பர்னு பேரு. வெண்ணிலா என்னை நிமிந்து பாத்துது. "அதையேதான் மாமா நான் பண்ணப் போறேன்"னுது.

அந்த மரத்துலேருந்தே பென்சில் கனத்துக்குக் குச்சிங்க வெட்டிச்சு. ரெண்டு முனையையும் சீவி, கீழ இருக்கற நல்ல பட்டைக்குள்ள ஒரு முனை, மேல இருக்கற நல்ல பட்டைக்குள்ள ஒரு முனை, சொருகிச் சின்ன ஆணி அடிச்சு, மெழுகு பூசிச்சு. மரத்தைச் சுத்தி இப்படிப் பல குச்சி. ஒட்டு மாங்கன்னு கட்டற வேலைதான், கொஞ்சம் பெரிசா. ஆணி எடுத்துக் குடுத்தது நான்தான். குழந்தையை வச்சுக்கிட்டது ஹெட்மாஸ்டர். நல்லா இருந்தது அந்த வேலை. எந்தத் திசையில எந்தக் குச்சின்னு ஒருத்தரும் கேக்கல.

எல்லாம் முடிஞ்சு கையைத் துடைச்சுக்கிட்டே அந்தப் பொண்ணு கேக்குது, "டாக்டர் உங்களுக்குப் பண்றேன்னு சொன்னதும் இதுதானே மாமா?"

பூங்காவே என்னைப் பாக்குது. வேடிக்கை பாக்க வந்திருந்த சம்பூர்ணம் மட்டும் தரையைப் பாக்கறா. எனக்கு ரோஷம் வந்துருச்சு. மரம் வேற, மனுஷன் வேறம்மா, இந்தக் குச்சி துளிர்க்கட்டும், அன்னிக்கே நான் போய்ப் படுத்துக்கறேன்னு சொல்லிட்டேன். காஞ்ச மரத்துல ஆணி அடிச்ச குச்சி, அது எங்க துளிர்க்கப் போகுதுன்னு ஒரு தைரியம்.

அப்படிச் சொன்னவன் சும்மா இருக்கணும்ல? மறுநாள் காலைல வாளியைத் தூக்கிட்டுப் போய் மரத்துக்குத் தண்ணி ஊத்தறேன். கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதால அரை வாளிதான். போற வழிதானேன்னு ஊத்தினேன், வேற ஒண்ணுமில்ல. எங்க வீட்லேருந்து பூங்கா போற வழியில இல்லைங்கறது வேற விஷயம். ஹெட்மாஸ்டரும் ஒரு குடத்தோட வருவார். அவர் அந்தப் பக்கம் ஊத்துவார், நான் இந்தப் பக்கம். பேசிக்க மாட்டோம். மரம் பொழைக்கணும்னு நினைச்சேன். குச்சி துளிர்க்கக் கூடாதுன்னும் நினைச்சேன். ரெண்டையும் ஒண்ணா எப்படி நினைச்சேன்னு கேக்காதீங்க. நினைச்சேன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலைல பாத்தா, அக்னி மூலைக் குச்சியில துளிர். ரெண்டே ரெண்டு இலை, எலிக்குஞ்சுக் காது மாதிரி. அந்தக் கணம் எனக்கு அழுகையே வந்துருச்சு தம்பி, சந்தோஷத்துலதான். அடுத்த கணம் நான் குடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. வாச்மேன் ரூம்லேருந்து ஒரு சாக்கைக் கொண்டாந்து சுத்திக் கட்டிட்டேன். இளந்துளிராச்சே, வெயில் படக் கூடாதுல்ல. வானம் மூட்டமாத்தான் இருந்தது. இருந்தாலும் முன்ஜாக்கிரதை.

ஹெட்மாஸ்டர் குடத்தோட வந்தார். சாக்கைப் பாத்தார். ஓரத்தைத் தூக்கி உள்ள பாத்தார். என்னைப் பாத்தார். மறுபடி மூடிட்டார். பெரிய மனுஷன்யான்னு நினைச்சேன். அங்கேருந்து நேரா எங்க வீட்டுக்குப் போய்ச் சம்பூர்ணத்துகிட்டச் சொல்லிட்டார். வாத்தியார் புத்தி எங்க போகும்?

நான் வீட்டுக்குப் போனா, சம்பூர்ணம் பையில துணி எடுத்து வச்சுக்கிட்டிருக்கா. என் வேட்டி, துண்டு, அவ புடவை, டம்ளர், ஃபிளாஸ்க். திட்டப் போறான்னு வாசல்லயே நின்னேன். திட்டல. நிமிராமயே சொன்னா, "அந்த மரம் பொழைக்கணும்னு தினமும் வாளி தூக்கினீங்க. நீங்க பொழைக்கணும்னு நான் யார் கால்ல விழறது?"

பை கட்டியாச்சு. கட்டின பையைப் பிரிக்கறது அபசகுனம்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. அதனாலதான் வந்தேன். மத்தபடி கஷாயத்தை இன்னும் நாலு மாசம் குடிச்சிருந்தா எல்லாம் சரியாயிருக்கும். டாக்டரைக் கேட்டா ஒத்துக்க மாட்டார். ஆபரேஷனுக்கு முன்னால அதையும் நிறுத்தச் சொல்லிட்டார், ரத்தம் நிக்கறதுல கோளாறு வருமோன்னு. பாருங்க, அவருக்கே அதோட சக்தி மேல பயம்.

ஒண்ணு சொல்லட்டுமா? ஒட்டுக் கட்டின குச்சி எல்லாமே பிடிக்கல. சிலது காஞ்சுபோச்சு. வெண்ணிலா கட்டறப்பவே சொல்லிச்சு, எல்லாம் பிடிக்காது மாமா, பிடிக்கற வரைக்கும் போதும்னு. மனுஷன்ல எப்படின்னு டாக்டர்கிட்ட கேக்கணும்னு ரெண்டு நாளா இருக்கேன். அவர் வருவார், எப்படியிருக்கீங்கம்பார், நான் சூப்பரா இருக்கேன் சார்ங்கறேன். அவர் போயிடறார்.

உங்க அப்பாவை உள்ள கொண்டுபோறப்ப என்ன சொன்னார் தம்பி? ஒண்ணும் சொல்லலையா? உங்களைப் பாத்து லேசாச் சிரிச்சாரா? ம். எனக்கு அப்படிச் சிரிக்க வருமான்னு தெரியல.

பயமாத்தான் இருக்கு தம்பி. கம்பத்துல ஏறறப்ப நான் ஏறினேன், நானே பிடிச்சுக்கிட்டேன். கை நழுவினா என் கை. இங்க மயக்கம் குடுத்துருவாங்க. பிடிச்சுக்க ஒண்ணும் இருக்காது. கண்ணைத் திறந்தா அவ முகம் தெரியணும், அதுக்குமேல எனக்கு ஒண்ணும் வேண்டாம். இதை அவகிட்டச் சொல்ல வாய் வரல, பாருங்க, உங்ககிட்டச் சொல்றேன். உங்க பேரு கூட இன்னும் கேக்கல.

வா சம்பூர்ணம். மருந்து கிடைச்சுதா? ஒண்ணுமில்ல, இந்தத் தம்பிக்கு அவங்க அப்பாவை நினைச்சு ரொம்பப் பயமா இருக்காம், நான்தான் தைரியம் சொல்லிக்கிட்டிருந்தேன். இல்ல தம்பி? அந்தப் பையைக் கீழ வை. இப்படிக் கட்டில்லயே உக்காரு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கையைக் குடு. எதுக்கு இப்படி நடுங்கற? எனக்கு ஒண்ணுமில்லம்மா, உன் கைதான் நடுங்குது. நான் பிடிச்சுக்கறேன், நீ கொஞ்ச நேரம் இப்படியே இரு.